ஏழே கால்

மூன்றாம் முறையாக வந்திருக்கிறேன்
பூன் லேயில் ஹாஜா நஜ்முதீன் கடைக்கு.
முதல் முறை பழைய டிஸ்க்கைக் கழற்றி
காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தேன்,
தேங்காய் வாங்குகிறவளைப் போல.
"செத்துப்போச்சுல்ல?" என்றார்.
ஆமாம் என்றுவிட்டேன்.
சிம் லிம்மில் புதுசு, நூற்றிருபது வெள்ளி.

நான்கு திருகாணிகளை முடுக்கி மூடியதும்
பெட்டி கத்தத் தொடங்கியது:
டிஸ்க் இல்லை, டிஸ்க் இல்லை.
வயிற்றிலேயே வைத்துக்கொண்டு இல்லை என்கிறதே!
கேபிளை மாற்றினேன், அடங்கியது.
எல்லாப் பதிவும் அழியும், சம்மதமா என்றது,
எதுவுமே எழுதப்படாத தகட்டைப் பார்த்து.
சம்மதம்.

தேதி இரண்டாயிரம், ஜனவரி ஒன்று.
"அன்னைக்கு நான் இந்த ஊருக்கே வரலையே தங்கச்சி!"
ஒவ்வொரு ஆண்டாகப் பொத்தானை அழுத்தி
அவரை இன்றைக்குக் கூட்டிவந்தேன்.

இரண்டாம் முறை பகலில் வந்தேன்.
ஒரு குறையும் இல்லை.
நான்கு சதுரத்திலும் அரிசி மூட்டை, ஐஸ் பெட்டி,
மாம்பழத்தை முகர்ந்துவிட்டு வாங்காமல் போகும் ஒருவர்.
ஆனால் பதிவின் பச்சைக் கோடு
தினமும் மாலை ஏழே காலுக்கு அறுந்திருந்தது.
அப்புறம் கடை சாத்தும்வரை
பல் போன சீப்பு.

"பழசுலயும் இப்படித்தான்.
அந்நேரம் நான் பின்னறையில மஃரிப் தொழுவேன்.
கல்லாவுல தவசிமுத்து.
அணைச்சுப்போட்டு எடுத்திருக்கான்.
போன மாசம் பெர்மிட்டை ரத்து பண்ணி அனுப்பிட்டேன்."
அவர் போன பிறகு?
"அப்புறமும் அறுந்துச்சு.
அதான் டிஸ்க் போச்சுன்னு உங்களக் கூப்பிட்டேன்."

இரண்டு காரணமும் அவருக்குள்
ஒரே அலமாரியில் இருந்தன,
ஒன்றையொன்று இடிக்காமல்.

இன்று அந்திக்குக் காத்திருக்கிறேன்.
இந்த ஊர் அந்தி பருவம் பார்ப்பதில்லை,
ஏழு மணியைத் தாண்டியதும் வந்துவிடும்.
பின்னறையில் பாயை உதறும் சத்தம்.
வெளியே இருள, ஒவ்வொரு கேமராவிலும்
கண்ணைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் பூக்கின்றன,
இருட்டில் பார்ப்பதற்கு.
என் மீட்டரில் பன்னிரண்டு வோல்ட்
பதினொன்று
பத்தரை.
டக்.
பெட்டி செத்து, எழுந்து, கத்தி, மறுபடி செத்தது.

அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு ஆம்பியர்.
இது இந்தப் பெட்டியோடு வந்தது இல்லையே?
தொப்பியோடு வந்து நின்றவர்
வாசலைப் பார்த்தார்.
அங்கே ஓடுகிற எழுத்துப் பலகை,
போன் கார்டு, தேங்காய், பணம் அனுப்ப, போன் கார்டு.
"அதோடது புகைஞ்சுபோச்சு...
பெருநாளுக்கு முந்தி... நான்தான் மாத்திப்போட்டேன்."

பலகை இருண்டது.
பெட்டி முனகாமல் ஓடியது.

பழைய டிஸ்க்கை மாட்டச் சொன்னார்.
மாட்டினேன். ஓடியது.
செத்துப்போச்சு என்று நான் சொன்ன டிஸ்க்.
ஏழு பதினான்கு: தவசிமுத்து முட்டை அட்டையை அடுக்குகிறார்.
ஏழு பதினைந்து: கறுப்பு.
ஏழு பத்தொன்பது: முக்காலியில் ஏறி நின்று
பெட்டியைத் தட்டித் தட்டி எழுப்புகிறார்.
இன்னொரு நாளும் அதே முக்காலி.
இன்னொரு நாளும்.
ஒருமுறை ஊதிக்கூடப் பார்க்கிறார்,
அடுப்பு அணைந்ததைப் போல.

கல்லாவில் குறைந்த நாற்பது வெள்ளி
எங்கே போனது என்று அந்த டிஸ்க்குக்குத் தெரியாது.

இதை அழித்துவிடவா என்றேன்.
பதில் இல்லை.
டிஸ்க்கை வாங்கிக் கல்லாவுக்குள் வைத்து
மூடினார். நான்காம் கேமரா
அதையும் எழுதிக்கொண்டது.

பதினெட்டு வெள்ளிக்கு ஒரு அடாப்டர்,
அவ்வளவுதான் வேண்டியிருந்தது.
வாங்கிய நூற்றிருபதை
நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.