நீங்களாக இருந்தால் வாங்குவீர்களா

முதலில் கூரை.
டூலூத்தில் மார்ச் மாதம் என்றால்
பாதிக் கூரை இன்னும் பனிக்கடியில்.
ஏணியின் மேல்படியிலிருந்து கத்திச் சொல்கிறேன்:
தெற்குச் சரிவைப் பார்த்துவிட்டேன்,
இன்னும் ஐந்தாறு வருஷம் தாங்கும்.
வடக்குச் சரிவைப் பற்றி
உங்களுக்குத் தெரிந்ததுதான் எனக்கும்:
வெள்ளையாக இருக்கிறது.

கீழே ஷெல்பி சிரிக்கிறாள்.
நேட் சிரிக்கவில்லை.
அவன் கையில் இருபத்தேழு கேள்விகள் எழுதிய தாள்,
மடித்து மடித்து ஓரம் கிழிந்தது.

முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், நேட்:
சுவரை இடிக்க மாட்டேன்.
கம்பளத்தை உரிக்க மாட்டேன்.
அவர்கள் அலமாரியை அரையடிகூட நகர்த்த மாட்டேன்.
நீங்கள் தரும் காசுக்கு
மூன்று மணி நேரம், ஒரு டார்ச், ஓர் ஈரமானி,
தவழ்ந்து தவழ்ந்து தேய்ந்த என் இரண்டு முழங்கால்கள்.
சுவருக்குள் பார்க்கும் கண்
இந்தப் பெட்டியில் இல்லை.

பரணில்,
குளியலறைக் காற்றாடியின் குழாய்
வெளியே போகாமல் பாதி வழியில் நின்றுவிட்டது.
முப்பது குளிர்காலத்து வெந்நீர்க் குளியல்
பலகைகளில் கறுப்பாகப் படிந்திருக்கிறது.

மின்பெட்டியைத் திறந்தால்
உள்ளே பென்சிலில் யாரோ:
"தொடாதே. ரே."
ரே யார், எதை, ஏன்?
நான் தொடவில்லை.
படம் எடுத்துக்கொண்டேன்.

ஷெல்பி ஜன்னலோரம் நின்று ஏரியைப் பார்க்கிறாள்.
ஏரியை நான் சோதிப்பதில்லை.
விலையில் பாதி அதுதான் என்றாலும்.

அவர்கள் மகள் இங்கா
கூடத்தில் ஒரு கோலிக்குண்டை வைத்தாள்.
அது கொஞ்சம் யோசித்தது,
பிறகு கிழக்கு மூலைக்குப் புறப்பட்டது.
நேட்டின் முகமும் கூடவே போனது.
நூறு வருஷ வீடு சாய்ந்துதான் உட்காரும்.
சாய்ந்தது பயமில்லை,
இன்னும் சாய்ந்துகொண்டிருந்தால்தான் பயம்.
எது என்று
ஒரு மதியத்தில் சொல்ல முடியாது.

தரகர் குவென்டின் மூன்றாம் முறை மணி பார்த்தார்.
"எல்லாம் சின்னச் சின்ன விஷயம்தானே?"
விற்றால்தான் அவருக்குச் சோறு.
எனக்கு எப்படி முடிந்தாலும் அதே காசோலை.
அதனால்தான் கூடவே வாருங்கள் என்கிறேன்,
அழுக்கானாலும் பரவாயில்லை என்று சட்டை போட்டு.

நிலவறை.
மூன்று சுவர் பழசு.
நான்காவதில் மட்டும் இடுப்பளவுக்குப் புது வெள்ளை,
வாசம்கூடப் போகவில்லை.
யாரும் பொய் சொன்னதாக நான் சொல்ல முடியாது.
நான் எழுதுவது இவ்வளவுதான்:
"சமீபத்தில் பெயின்ட் அடிக்கப்பட்டுள்ளது. நிபுணரிடம் காட்டவும்."
ஈரமானி அதைவிடச் சத்தமாகச் சொன்னது.

நாளை மாலை அறிக்கை வரும், ஐம்பத்தோரு பக்கம்.
பதறாதீர்கள், நிதானமாகப் படியுங்கள்:
ஆடும் கதவுக் கைப்பிடியும்
விரிசல்விட்ட உலையும்
அதில் ஒரே எழுத்தளவில்தான் இருக்கும்.

படியில் கால் வைக்கும்போது கேட்டான் நேட்,
தாளில் இல்லாத இருபத்தெட்டாவதை,
எல்லோரும் கடைசியில் கேட்பதை:
"நீங்களாக இருந்தால் வாங்குவீர்களா?"

நான் வாங்கினேன், ஒருமுறை, ப்ராக்டரில்.
இதே டார்ச், இதே கண்.
அடுத்த வசந்தத்தில்
செருப்பு மிதக்கும் சத்தத்தில்தான் விழித்தேன்.
இதை நேட்டிடம் சொல்லவில்லை.

திரும்பக் கூட்டிப்போனேன்,
வெள்ளைச் சுவரைத் தாண்டி, உலைக்குப் பின்னால்,
சிவப்புக் கைப்பிடி ஒன்று.
வீட்டுக்குள் வரும் தண்ணீரின் கழுத்து இது.
எது உடைந்தாலும் முதலில் இங்கே ஓடி வாருங்கள்.
திருகிப் பாருங்கள்.

நேட் திருகினான், அசையவில்லை.
ஷெல்பி தோள்பையைக் கீழே வைத்துவிட்டு
இரண்டு கையாலும்.
ஒரு முனகல்,
பிறகு தலைக்குமேல் குழாய்கள் ஒவ்வொன்றாக அடங்கின.
மாடியிலிருந்து இங்கா கத்தினாள்:
"அம்மா! கையெல்லாம் சோப்பு, தண்ணி நின்னுபோச்சு!"

ஷெல்பி கைப்பிடியை விடவில்லை.
துரு ஒட்டிய விரல்களோடு
என்னைப் பார்த்தாள்.

திறந்துவிடுங்கள், என்றேன்.
இது இன்னும் உங்கள் வீடு இல்லை.