புறங்கைச் சூடு

வாளையாறு சோதனைச்சாவடியில்
பத்து வருஷம் பில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
லாரி வரிசை சில நாள் க.க.சாவடி தாண்டி நிற்கும்.
எந்த மேசைக்கு எவ்வளவு, எந்த மேசைக்கு வெறும் கும்பிடு,
என் கால்களுக்கு மனப்பாடம்.

ஒரு ஜூலையில் வரியை மாற்றினார்கள்.
காலையில் போனால்
சாலை கழுவிவிட்ட வாசல் மாதிரி கிடந்தது.
டீக்கடைக்காரரும் நானும்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் கோழித்தீவனம் விற்றேன்.
கோழிகள் தின்றன, பண்ணைக்காரர்கள் பணம் தரவில்லை.
மதுக்கரையில் சிமெண்ட் மூட்டைக்குக் கணக்கெழுதினேன்,
தும்மித் தும்மி.
சொந்தக்காரர்களிடம் இன்சூரன்ஸ் பேசிப் பேசி
சொந்தக்காரர்களைக் குறைத்துக்கொண்டேன்.
கொழிஞ்சாம்பாறையில் செல்போன் உறை விற்ற ஆறு மாதத்தை
விட்டுவிடலாம்.

வேலந்தாவளம் ஆயுர்வேத ஆஸ்பத்திரிக்கும்
பாலிசி விற்கத்தான் போனேன்.
வராந்தாவில் சக்கர நாற்காலியிலிருந்து ஒருவர் சரிந்தார்.
ஃபைலைப் போட்டுவிட்டுப் பிடித்தேன்.
கழுத்துக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை,
யாரும் சொல்லித்தரவில்லை.
டாக்டர் ஷீபா என் முகத்தைப் பார்க்கவில்லை,
கைகளையே பார்த்தார்.
"பாலிசி வேண்டா, சென்னியப்பா.
ஒரு வருஷம் படிக்கப் பற்றுமா?"

முப்பத்தொன்பது வயதில் கடைசி பெஞ்ச்.
எனக்குப் படிக்கத் தெரிந்த மலையாளம்
சாவடிப் பலகையில் இருந்த 'நிர்த்துக' மட்டும்.
எலும்புகளின் பெயரை சமஸ்கிருதத்தில் ஒப்பித்தேன்,
என் எலும்பையே தொட்டுத் தொட்டு.

"ஆம்பளைக்கு ஆம்பளை எண்ணெய் தேய்க்கவா
இத்தனை கடன்?" என்றாள் தெய்வாத்தா.
மூன்று மாதம் அந்தப் பேச்சு.
பிறகொரு ராத்திரி, மில்லில் நின்று வீங்கிய காலை
ஒன்றும் சொல்லாமல் என் மடியில் வைத்தாள்.
பாஸா ஃபெயிலா என்று சொல்லாமலே
தூங்கியும் போனாள்.

இப்போது காலை ஆறு மணிக்கு எண்ணெயைச் சூடேற்றுகிறேன்,
வெந்நீருக்குள் பாத்திரம் வைத்து.
புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன்.
உள்ளங்கை பொறுத்துக்கொள்ளும், பொய் சொல்லும்.
மேசைக்கு அந்தப் பக்கம் ப்ரதீஷ், இந்தப் பக்கம் நான்.
நாலு கையும் ஒரே வேகத்தில் இறங்க வேண்டும்.
அவன் மலையாளத்தில் எண்ணுவான், நான் தமிழில்.
பத்து வரைக்கும் எல்லை கிடையாது.

நேற்று வந்தவர் ராசிபுரம் அங்கப்பன்.
குப்புறப் படுத்திருந்தார்.
வலது முழங்கை மட்டும் கறுத்திருந்தது,
ஜன்னலில் வைத்து வைத்து.
இடது தோளில் கியர் இறுகியிருந்தது.
முதுகைப் படித்தேன், டிரைவர்.
அவர் என் குரலைப் படித்திருக்கிறார்.
"நீ அந்த பில் பையன்தானே?
மூணு நாள். சித்திரை வெயில்.
முட்டை லோடு."

பதில் இல்லை என்னிடம்.
கையை நிறுத்தவில்லை, நிறுத்தினால் எண்ணெய் ஆறிவிடும்.
தோள், நடுமுதுகு, இடுப்பு, தொடை.
இடது பாதத்தில் எண்ணெய் விட்டு
"சூடு சரியா இருக்கா?" என்றேன்.

"எங்க?" என்றார்.

இன்னொரு சொட்டு விட்டேன்.
பெருவிரலை அழுத்தினேன்.
பதிலே இல்லை.
ப்ரதீஷ் எண்ணுவதை நிறுத்தினான்.

டாக்டர் வந்தார், ஊசிமுனையால் தொட்டுப் பார்த்தார்.
மூத்திரம் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார்.
அவர் யோசித்தது எனக்குப் பிடிக்கவில்லை.
"இன்னு எண்ணெய் வேண்டா. முதல்ல கோயம்புத்தூர், ஸ்கேன்.
இப்பவே."
எண்ணெய்க்கு எட்டாத இடம் உண்டு என்பதும்
பாடத்தில் இருந்தது, பரீட்சையில் கேட்கவில்லை.

துண்டை எடுத்து அவர் முதுகைத் துடைத்தேன்.
"இன்னைக்கும் நிறுத்திப்புட்டியா" என்றார் அங்கப்பன்.
சிரித்தாரா தெரியவில்லை,
முகம் மேசையில் கிடந்தது.

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்து
ஜீப் வரை தாங்கிப் போனேன்.
கழுத்துக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை.
அவர் எடை முழுக்க என் மேல் இருந்தது.
எண்ணெய் வழுக்கியது, இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்து
பதினோரு மணி ஆளுக்கு அடுப்பைப் பற்றவைத்தேன்.