சர்க்கரை விட்ட பிறகு

எட்மன்டனில் பிப்ரவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நான்கு டிகிரிக் குளிரறைக்குள் நுழைந்து
அப்பாடா என்று கம்பளிக் கையுறையைக் கழற்றுகிறாள் ஒக்சானா.
இந்த ஊரில் இதுதான் வெயில்.

நுரை தட்டாமல் கலக்கு, என்கிறாள்.
சவ்வில் பதிந்த புரதத்தைச்
சோப்பு போட்டுத்தான் வெளியே அழைக்க வேண்டும்.
கொழுப்பை விட்டு வந்ததும் அதற்குக் கால் தரிக்காது.
சோப்பு ஒரு துளி குறைந்தால்
திரிந்த பால்.
மூன்று வார வேலை வடிகாலில்.

பம்பு என்கிறோம்.
மூன்று துண்டு, ஒரே அச்சு;
ஒன்று வாய் திறக்கையில்
ஒன்று மெல்லும்,
ஒன்று துப்பும்.
முறை மாறுவதில் தகராறே இல்லை.
உள்ளே வந்த மருந்து
மூச்சு வாங்கி நிற்பதற்குள் வெளியே.
பழைய மருந்து, விலையேறிய மருந்து,
இன்னும் பேர் வைக்காத மருந்து,
அது ஆள் பார்ப்பதில்லை.

இதை எல்லைக்கும் விசாவுக்கும் உவமையாக்கி
எழுதச் சொன்னான் தம்பி.
மாட்டேன்.
நடுவில் ஒரு நுரையீரல் இருக்கிறது.

குப்பியில் எண் மட்டும்: இ-219.
சாலைக்கு அப்பாலுள்ள மருத்துவமனையிலிருந்து
மாதம் ஒன்றாய்ச் சளி வந்தது.
அக்டோபர்க் கிருமி நான்கு மருந்துக்குச் செத்தது.
நவம்பரில் இரண்டுக்கு.
டிசம்பரில் தட்டு முழுக்கப் பச்சை,
புளித்த திராட்சை வாசம்,
மருந்து வில்லையின் தோள் உரச வளர்ந்திருந்தது.
ஜனவரியில் எதுவும் வரவில்லை.
ஏன் என்று கேட்கும் படிவம் எங்களிடம் இல்லை.

வந்த படிவமொன்றில்
கறுப்பு மை பூச மறந்த ஒரு வரி:
தொழில், கூரை போடுபவர்.
எந்தக் கூரை என்று தெரியாது.
பஸ்ஸில் நிமிர்ந்து பார்த்தபடி வருகிறேன்,
பனிச்சுமையோடு நிற்கின்றன எல்லாமே.

அவருடைய டிசம்பர்
மைனஸ் எண்பதில், மூன்றாம் அடுக்கில் இருக்கிறது.
ஊசிமுனை அளவு சுரண்டினால்
மறுநாள் காலை கோடிக்கணக்கில்.

இன்று சாயம் ஏற்றினேன்.
உள்ளே இருந்தால் மின்னும், துப்பினால் மங்கும்.
தொண்ணூற்றாறு குழியும் மங்கிக்கொண்டே வர
ஜி-7 மட்டும் எரிந்தது.
ஐந்து நிமிடம். பதினொரு நிமிடம்.
புதுச் சேர்மம்
பம்பின் தொண்டையில் சிக்கியிருக்க வேண்டும்.
ஒக்சானாவைக் கூப்பிட வாயெடுத்தேன்.
எடுத்த வாயோடு குறிப்பேட்டைப் பார்த்தேன்.
அந்தக் குழிக்கு மட்டும் சர்க்கரை விடவில்லை.
பசியில் நின்ற பம்பு.

விட்டேன், ஐந்து மைக்ரோலிட்டர்.
கோடு ஒரு கணம் தயங்கிச்
சரியத் தொடங்கியது,
காபி குடித்து முடித்து
ஏணியில் மறுபடி கால் வைக்கிற ஒருவரின்
அவசரமில்லாத நிதானத்தில்.

ஏதாவது? என்றாள் குளிரறையிலிருந்து.
இல்லை.
ஜி-7, நாளை மறுபடி, என்று எழுதினேன்.
ஐந்தரைக்கே இருட்டு.
எதிர்க் கட்டடத்தின் மேல் யாரோ
மண்வெட்டியால் பனியை வெளியே
தள்ளிக்கொண்டிருந்தார்.