ஜி வராத கை

கிரானைட் கடைக்கு ஞாயிறு மதியத்தோடு விடுமுறை.
வெங்கடேசப்பா ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு
நாங்கள் குனிந்து நுழையுமளவு வழி வைப்பார்.
சாய்த்து நிறுத்திய பலகைகளில்
சாக்பீஸில் எழுதிய சதுர அடி விலை.
பாலிஷ் போட்ட கறுப்புக் கல்லுக்குள்
ஏழு பேர், ஏழு யுகுலேலே, ஒரு ட்யூப்லைட்
எங்களைவிடத் தெளிவாக உட்கார்ந்திருக்கும்.

"கிடாரு குட்டி போட்டுச்சா?"
டீ கொண்டுவரும் பையன் வாராவாரம் கேட்பான்.
நாலே தந்தி. அதுவும் வரிசைக்கு அடங்காது.
முகவாயை ஒட்டி இருப்பது கீச்சுக்குரல்,
அடுத்தது கனத்தது, அப்புறம் மறுபடி ஏறும்.
பிரேயரில் குட்டையான பிள்ளைகள் முன்னால் என்றால்
ஒரு நெட்டைக்காரி திமிராக
முதல் இடத்தில் போய் நின்றதுபோல்.
அதனால்தான் வாங்கினேன் என்று பொய் சொல்லலாம்.
கிடாரைவிட விலை குறைவு, அவ்வளவுதான்.

எண்ணித் தொடங்குவதில் எப்போதும் தகராறு.
முனிரத்தினம் ஒகட்டி என்பான்,
அஸ்மத் பாய் ஏக் என்பார்,
லூர்து சிஸ்டர் டிரிப்ஸ் இறங்கும் வேகத்தில்
ஒன்று...
இரண்டு...
நாலுக்கு மூன்று மொழியும்
மூன்று பஸ்ஸில் வந்து சேரும்.

பாட்டு முனிரத்தினம் கட்டியது.
ஓசூர் பஸ்ஸில் கண்டக்டர் அவன்,
வாயில் இருப்பதைத்தானே கட்டுவான்:
குருபரப்பள்ளி, குருபரப்பள்ளி,
சூளகிரி இறங்கு, ஓசூர் ஏறு.
குருபரப்பள்ளிக்கு சி. ஒரே விரல்.
ஓசூருக்கு எஃப். இரண்டு விரல்.
சூளகிரிக்கு ஜி.
மூன்று விரலும் முக்கோணமாக நிற்கவேண்டும்,
என்னுடையவை
கல்யாணப் பந்தியில் இடம் பிடிப்பதுபோல்
ஒன்றின்மேல் ஒன்று விழும்.

நான் டோல்கேட்டில் மூன்றாவது பாதை, இரவு ஷிஃப்ட்.
சில்லறை எண்ணிப் பழகிய கை.
இப்போது கண்ணாடி ஸ்டிக்கரை
மேலே ஒரு பெட்டி படித்துக்கொள்கிறது,
கம்பம் தானே எழுகிறது.
படிக்காத ஸ்டிக்கருக்கும்
கத்துகிற டிரைவருக்கும் மட்டும் நான்.

அதனால் சூளகிரி வந்தால்
வலது உள்ளங்கையைத் தந்திமேல் அமுக்கிவிடுவேன்.
டக்.
யாரும் எதுவும் சொன்னதில்லை.
யாருக்கும் தெரியாது என்று
பத்து மாதம் நினைத்திருந்தேன்.

மாங்கனிக் கண்காட்சியில் கால் மணி நேரம் கொடுத்தார்கள்,
சமையல் போட்டிக்கும் நாய்க் கண்காட்சிக்கும் நடுவில்.
மைக்கை எனக்கு முன்னால் நட்டுவிட்டுப் போனான் ஒருவன்.
ஒலிபெருக்கி முழுக்க என் டக்.
ஒரு அல்சேஷன் எழுந்து உட்கார்ந்தது.
பின்வரிசையில் ஒரு சூளகிரிக்காரர்
தன் ஊருக்கு மட்டும் தனி மரியாதை என்று
ஒவ்வொரு முறையும் கை தூக்கினார்.
எனக்குக் காது வரைக்கும் சுட்டது.

அப்புறம் ஒரு வியாழன், விடியக்காலை மூன்றரை.
லாரி இல்லாத இடைவெளியில்
ரசீது மெஷின் விளிம்பில் விரல் வைத்துப் பார்த்தேன்.
நின்றன.
எடுத்தேன், வைத்தேன்.
நின்றன.
ஹாரன் அடித்த தக்காளி வேன்காரரிடம்
"போங்க போங்க" என்று சிரித்தேனாம்,
அவர் பயந்து மெதுவாகப் போனார்.

ஞாயிறு. கறுப்புக் கல்லுக்குள்
என் மூன்று விரலும் முக்கோணம்.
சூளகிரி வந்தது, ஜி வந்தது.
ஆறு பேரும் நிறுத்திவிட்டார்கள்.
"என்னக்கா ஆச்சு?" என்றான் முனிரத்தினம்.
"ஜி போட்டேன்டா."
"ஜி நாங்க ஆறு பேர் போடுறோமே,
டக்கு யாரு போடுவா?"

கோபம்தான் வந்தது முதலில்.
பத்து மாதம், நுனிவிரல் தோல் ரெண்டு முறை உரிந்தது.
அஸ்மத் பாய் டீயை என் பக்கம் தள்ளினார்.
ட்யூனரில் பச்சை எரியாமல்
வெங்கடேசப்பா முறுக்காணியோடு மல்லுக்கட்டினார்.

மறுபடி முதலிலிருந்து.
ஒகட்டி. ஏக்.
நாலு வருவதற்குள் நான் முடிவெடுக்கவேண்டும்,
மூன்று விரலா, உள்ளங்கையா.
அவசரமில்லை.
லூர்து சிஸ்டர் இன்னும் இரண்டில்தான் இருக்கிறார்.