அடுத்த ரயிலுக்கு முன்

வெள்ளவத்தை, கடல்பக்க ஒழுங்கை,
இரண்டாம் மாடி, குளியலறையை ஒட்டிய அறை.
ஒளிமேசை என்று நாங்கள் சொல்வது
யாரோ கழற்றி எறிந்த ஜன்னல் கண்ணாடி,
அதன் கீழே ஒரு டியூப்லைட்.
உடுப்புக் காயப்போடும் கம்பியில்
தலைகீழாய்க் கட்டிய கமரா.

விநாடிக்குப் பன்னிரண்டு படம்.
கரியால் கீறு, எடு, அழி.
ஒரு நெல்மணி தள்ளிக் கீறு, எடு, அழி.
ஒரு நாளில் நான்கு விநாடி தேறினால்
ஷிஃப்னா கொத்து வாங்கித் தருவாள்.

ரயில் போனால் மேசை நடுங்கும்.
நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்,
அதை நம்பிப் பயனில்லை.
தம்ளர்த் தண்ணீரில் வளையம் வந்தால்
'கை எடு!' என்று தில்ஹானி கத்துவாள்.
மருதானைக்குப் போவது போய்
பாணந்துறைக்குப் போவது வருமுன்
ஒரு காலடி வைக்கலாம். சிலநேரம் இரண்டு.

கதை இவ்வளவுதான்:
ஓர் உருவம் தன் கதவைத் தானே முதுகில் சுமந்து
காலி வீதி நெடுக வீடு தேடுகிறது.
எத்தனை பேர், கலியாணமா, மச்சம் சமைப்பீர்களா,
அடையாள அட்டை நகல் இரண்டு.
வீட்டுக்காரருக்கு நாங்கள் முகம் கீறவில்லை,
சாவிக்கொத்து மட்டும்.

கரியை எப்படித் துடைத்தாலும்
தாளில் ஒரு சாம்பல் நிற்கும்.
உருவம் நடக்க நடக்க
அது நின்ற இடங்களெல்லாம்
பின்னாலேயே நடந்து வந்தன.
பிழை என்று அழிறப்பரைத் தேடினேன்.
'விடுங்கோ, நிக்கட்டும்.'
ஆரலின் குரல், வாயில் பென்சிலோடு.

ஆரல்: வீட்டில் வைத்த பெயர் வேறு.
ஒரு காலை மீன்சந்தையில்
சேற்றோடு துடித்த ஒன்றைப் பார்த்து
அங்கேயே எடுத்துக்கொண்ட பெயர் இது.

தமிழில் உபதலைப்பு எழுதுவது என் வேலை.
முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது.
வந்தான். வந்தாள்.
வந்தார் என்றால் மாலை போடவேண்டிய பெரிய மனிதர்,
வந்தது என்றால் பூனை.
தில்ஹானிக்கு இந்தத் தொல்லையே இல்லை.
சிங்களத்தில் 'எயா' என்று எழுதிவிட்டுத்
தேத்தண்ணி போடப் போனாள்.
நான் இரண்டு இரவு
வினைச்சொல்லின் வாலைப் பிடித்தபடி இருந்தேன்.

கடைசியில் உருவத்தையே பேசவைத்தோம்.
வந்தேன். கேட்டேன். கதவு பாரம்.
'நான்' என்பவரிடம் மட்டும்
எங்கள் மொழி ஒன்றும் விசாரிப்பதில்லை.

இங்கேயும் பாருங்கள்,
ஆரலுக்கு ஒரு முற்றுவினை வைக்காமலே
இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.
களைப்பாய்த்தான் இருக்கிறது.

கொம்பனித்தெருவில் ஒரு மொட்டைமாடி,
கொடியில் கட்டிய படுக்கை விரிப்பு,
சுற்றிவர ஆளில்லாத உயரமான கட்டடங்களின் வெளிச்சம்.
எங்களோடு சேர்த்து ஏழு படங்கள்.
பொரளையிலிருந்து வந்தவளுடையது முழுக்க
வெறும் மாத்திரை உறைகள்.
இன்னொன்றில் ஓர் இடியப்பம்
இரண்டு நிமிடமாய் அவிழ்ந்துகொண்டே இருந்தது,
ஏனென்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.
எங்களுடையது மூன்று நிமிடம், நாற்பது விநாடி.
இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது தரம் அழித்தது.

அந்த ஒரு கேள்வி வரும் என்று
நால்வரும் நான்கு பதில் வைத்திருந்தோம்.
வரவில்லை.
முன்னால் பாயில் இருந்த ஒரு சின்னப்பெண்
கையை உயர்த்தாமலே கேட்டாள்:
'அந்த வீடு ஏன் ஒருக்கா துள்ளினது?'

ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவது படம்.
மாலை ஐந்தே முக்கால்.
தில்ஹானி கத்த மறந்த ஒரே நாள்.
திரும்ப எடுக்கக் கரியும் இல்லை, பொறுமையும் இல்லை.

'கதவை இறக்கி வச்ச பாரம்'
என்று ஆரலின் பதில்.
அழகான பொய். அந்த இடத்தில்
கதவு இன்னும் முதுகில்தான்.

சின்னப்பெண் யோசித்தாள்.
அவள் வீடும் தண்டவாளத்தை ஒட்டித்தானாம்.
'இல்ல,' என்றாள். 'கோச்சி.'