ஏழாவது கேள்வி

ஐயா, அல்லது அம்மா,
கூரைத் தகடு கேட்டு அனுப்பும் இந்தப் படிவத்தில்
ஆறு கேள்விகள் வரை மை தடையின்றி ஓடியது.
இடம்: மொசாம்பிக், பூசி ஆற்றின் கரை.
சுவர்: நான்கு.
கூரை: புயலிடம்.
செயலாளர்: செலஸ்தீனு முச்சாங்கா,
உப்புக் கிடங்கில் எடை போடுகிறவன்.

ஏழாவது கேள்வி:
உங்கள் சபையின் நோக்கம் யாது?
ஐம்பது சொற்களுக்கு மிகாமல்.

போதகர் அபியாத்தார் சொல்லச் சொல்ல எழுதினேன்.
இருளில் கிடப்போர்க்கு ஒளியாயிருப்பது
என்று தொடங்கினார்.
அன்றிரவு எங்களிடம் மெழுகுவத்திகூட இல்லை.
ஒளி என்றால் தெல்ஃபினாவின் கைபேசிதான்,
அதிலும் ஏழு சதவீதம்.
அடித்துவிட்டேன்.

இனி நானே சொல்கிறேன். எண்ணிக்கொண்டு சொல்ல வராது.

காற்று வரட்டும் என்று
யாரோ மேட்டில் கட்டிவைத்த கோயில் இது.
தண்ணீர் வராது என்பது
அந்த இரவில்தான் தெரிந்தது.

ஜெர்வாசியு படகில் ஆட்களைக் கொண்டுவந்தான்.
பதினொரு நடை.
கோழியோடு ஒருத்தி, கதவோடு ஒருவன்,
தன் பெயரைச் சொல்ல மறந்துபோன ஒரு சிறுமி.

ஜெர்வாசியு யார் என்று உங்களுக்குத் தெரியாது.
உயிர்த்தெழுந்த ஞாயிறன்று குடித்துவிட்டு வந்து
மூப்பர் ஒபதியாசின் சட்டையைக் கிழித்தவன்.
சபைப் பதிவேட்டில் அவன் பெயருக்குக் குறுக்கே
சிவப்புக் கோடு போட்டது இந்தக் கை.
அளவுகோல் வைத்து, நேராக.

ஒவ்வொரு நடைக்கும் படிவரை வந்தான்.
படி ஏறவில்லை.
உள்ளே வா என்று ஒருவரும் சொல்லவில்லை.
மறந்துவிட்டோம் என்று எழுதலாம்.
மறக்கவில்லை.

உள்ளே, திருவிருந்து மேசையின் மேல்
சுலேக்கா பிள்ளை பெற்றாள்.
பள்ளிவாசல் தெருக்காரி.
மேசையின் வெள்ளை விரிப்பைக் கிழிக்கலாமா என்று
யாரோ கேட்டார்கள்.
கேள்வி முடியுமுன் தெல்ஃபினா கிழித்திருந்தாள்.
பிள்ளை வீரிட்டது.
அதற்கு ஆமென் சொன்னோம்,
வேறெதற்கும் அன்று வாய் வரவில்லை.

விடியும்போது கூரை போயிருந்தது.
மழை எல்லார் மேலும் ஒன்றுபோலப் பெய்தது,
உறுப்பினர் மேலும், மற்றவர் மேலும்.

மூன்று வாரம் கழித்து
பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன்.
ஜெர்வாசியு படகைக் கவிழ்த்துப் போட்டு
அதன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
கோட்டை அழிக்கத் தீர்மானம் போட்டிருக்கிறோம் என்றேன்.
சிரித்தான். பல் ஒன்று குறைந்திருந்தது.
கோடு கிடக்கட்டும், செயலாளரே.
அடிப்பலகை போய்விட்டது.
உங்கள் பெஞ்சு ஒன்று கொடுங்கள்.

இரண்டு இரவு கூடிப் பேசினோம்.
கொடுத்தவர்களின் பெயர் முதுகில் செதுக்கியிருக்கிறதே,
ஆண்டவருக்குப் படைத்ததாயிற்றே,
நாளைக்கு மேசையைக் கேட்டால்?
மூன்றாம் நாள் காலை
நான் ஒரு முனையைத் தூக்கியபோது
மறுமுனை தானாக எழுந்தது.
ஒபதியாஸ். அதே சட்டை,
தையல் போட்டது.
வழியெல்லாம் அவர் பேசவில்லை.
ஆற்றங்கரையில் இறக்கி வைத்துவிட்டு,
இந்தப் பக்கம் வைரம், அந்தப் பக்கம் கொஞ்சம் உளுத்தது
என்று மட்டும் ஜெர்வாசியுவிடம் சொன்னார்.

அவன் இன்னும் ஆராதனைக்கு வருவதில்லை.
போன ஞாயிறு இரண்டாம் படிவரை ஏறி உட்கார்ந்திருந்தான்.
நிழலுக்கு என்றான்.
சுவர் நிழல்தான் எங்களிடம் இருப்பது,
அதுவும் பத்து மணிக்குள்.

ஏழாவதை வெறுமையாக விட்டிருக்கிறேன்.
அதற்காகத் தள்ளுபடி செய்வீர்களானால் செய்யுங்கள்.

எட்டாவது கேள்வி, சபையின் உடைமைகள்:
மேசை ஒன்று, கறையுடன்.
விரிப்பு இல்லை.
மணி ஒன்று, நாக்கு இல்லை.
பெஞ்சுகள் பதினேழு.
பதினாறு உள்ளே, வானத்தின் கீழ்.
ஒன்று ஆற்றில்,
இன்று காலையும் பள்ளிப் பிள்ளைகளை
அக்கரைக்குக் கொண்டுபோனது.

தகடு அனுப்பினால்
ஆணியும் சேர்த்து அனுப்புங்கள்.
எங்களிடம் இருந்தவை படகில் இருக்கின்றன.