நாற்பத்தாறு டிகிரி

இரவு ஷிப்டு முடிந்து வந்தால் தூங்க வேண்டும்.
நான் துணி தேய்க்கும் மேசையில்
இரண்டு கிளாம்பு போட்டு ஸ்டியரிங்கை இறுக்குகிறேன்.
ஆ லெக் கடையில் பழைய சாமான், நூற்று எண்பது வெள்ளி.
பிரேக் பெடல் மட்டும் வழுக்கும்.
ஜோடி தொலைந்த சிலிப்பர் ஒன்றை
முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

தம்பி குணாளன் வைத்துவிட்டுப் போன பார்வைக் கோணம்: தொண்ணூறு.
தொண்ணூறில் எல்லாம் பறக்கும்.
செம்பனை மரங்கள் ஓரத்தில் ஜவ்வாய் இழுபடும்.
எதிரே வரும் பஸ் தீப்பெட்டி அளவில் தொடங்கி
திடீரென்று மடியில் உட்காரும்.
அறுபதில் போனாலும் நூற்றிருபது என்று
வயிறு நம்பிவிடும்.
அவனுக்கு அதுதான் பிடிக்கும்.
எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், சின்னதாய்ப் பார்ப்பவன்.
கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டால்
சங்காட் ஜோங்கில் அப்படி என்னதான் இருக்கு, என்பான்.

தையல் டேப்பை எடுத்தேன்.
மூக்குத் தண்டிலிருந்து திரைவரை எழுபது செண்டி.
திரையின் அகலம் அறுபது.
ஆலை எடைமேடையில் வேலை எனக்கு, கணக்குக்குப் பயமில்லை.
லோரி பழத்தோடு வரும், வெறுமையாய்ப் போகும்,
நடுவில் கழித்துக் கழித்தே ஆறு வருடம்.
விடை நாற்பத்தாறு.

நாற்பத்தாறில் உலகம் ஒரு ஜன்னல்.
பக்கக் கண்ணாடிகள் இரண்டும் காணாமல் போயின.
வண்டி நகர்கிறதா என்றே சந்தேகம்.
கியர் மாற்றினேன். இன்னும் ஊர்ந்தது.
பிறகு முதல் வளைவு வந்தது,
அதன் சொந்த அளவில்,
மரம் மரத்தின் உயரத்தில்.
அன்றுதான் நேரத்தோடு பிரேக் பிடித்தேன்.
சிலிப்பர் நசுங்கியது.

அடுத்தது இருக்கை.
விளையாட்டைச் செய்தவர்கள் ஓட்டுநரை
ஓர் ஆறடி ஆளாக நினைத்திருக்கிறார்கள்.
கேமராவை என் கண் உயரத்துக்கு இறக்கினேன்.
டாஷ்போர்டு மேடாக எழும்பி
சாலையின் முதல் பத்து மீட்டரை விழுங்கியது.
அந்தப் பத்து மீட்டரில் யார் யார் நிற்கலாம்?
கோழி. சீலனின் மகள், சைக்கிளோடு.
ஆலை கேட்டில் ரொட்டி விற்பவரின் மோட்டார்.
இரண்டு விரல் மட்டும் திரும்ப ஏற்றினேன்.
தலை ஆட்டம்: பூஜ்யம். அதிர்வு: பூஜ்யம்.
அதற்கு நம் எஸ்டேட் ரோடு இருக்கிறது.

இதெல்லாம் எதற்கு என்றாள் தவமலர்.
பெரிய லோரி லைசன்ஸ் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. கரிபாப்பைப் பிட்டு
பெரிய பாதியை என் பக்கம் தள்ளினாள்.

தெலுக் இந்தான் பயிற்சித் திடலில்
ஹனாபி சாவி கொடுத்தான், என்னைவிட ஐந்து வயது இளையவன்.
மூன்று படி ஏறி உட்கார்ந்ததும்
என் வலது கை காற்றில் மவுஸைத் தேடியது.
சீட்டுக்கடியில் துருப்பிடித்த ஒரு நெம்புகோல்தான் இருந்தது.
அதுவும் பாதியில் நின்றது.
மீதிக்கு வீட்டிலிருந்து கொண்டுபோன தலையணை.

இடது கதவுக்குக் கீழே ஓர் இடம் உண்டு,
எந்தக் கண்ணாடிக்கும் எட்டாதது.
ஹனாபி அங்கே போய் நின்றுகொண்டான், வேண்டுமென்றே.
நம்பாக்?
குரல் மட்டும் வந்தது.
இல்லை என்றேன்.
சாய்ந்து பார், என்றான்.
சாய்ந்தேன். சீட்பெல்ட் பிடித்து இழுத்தது.
இன்னும் சாய்ந்தேன்.
தொப்பியின் நுனி.
பிறகு நெற்றி.
பிறகு அவன் உதட்டில் பற்றவைக்காத சிகரெட்.

இப்போது வீட்டில் விளையாடும்போதும்
'இடப்பக்கம் பார்' பொத்தானை அழுத்தினால்
கழுத்தும் கூடவே சாய்கிறது.
திரைக்கு வெளியே போய்விடுகிறேன்,
சுவரில் ஒழுகிய கறை, போன வருடத்துக் காலண்டர்.

எவ்வளவு வைத்திருக்கிறாய், என்கிறான் குணாளன் போனில்.
நாற்பத்தாறு.
அதில் ஒன்றுமே தெரியாதேக்கா?
கொஞ்சம் தெரியும், என்றேன்.
மணி பத்தாகிவிட்டது, வை. தூங்கணும்.